ஆர்வி பயணத்துக்குச் சத்தமில்லாத மின்சாரம்: ஜெனரேட்டரா, பவர் ஸ்டேஷனா?

அமெரிக்காவில் ஆர்வியில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியில், ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள், கரண்டுக்கு என்ன ஏற்பாடு என்று கடையில் கேட்டால் ஜெனரேட்டரைக் காட்டுவார்கள். நண்பர்களைக் கேட்டால் பாதிப் பேர் பேட்டரி பவர் ஸ்டேஷன் (பிளக் சாக்கெட்டுகளோடு வரும் பெரிய பேட்டரிப் பெட்டி) என்பார்கள், மீதிப் பேர் கூரையில் சோலார் போடு என்பார்கள். எல்லாமே யாரோ ஒருவருக்குச் சரியான பதில்தான். உங்களுக்கு எது சரி என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும்: ஏசி ஓடியே ஆக வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும். அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது, அப்புறம் எதை வாங்குவது, வாங்கியதை வண்டியில் எப்படிச் சேர்ப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் படி: போகும் இடத்தின் விதியைப் பாருங்கள்

பொருளைத் தேடும் முன் இடத்தைத் தேடுங்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் ஜெனரேட்டருக்கு ஒரு பொதுவான உச்சவரம்பு உண்டு. 50 அடி தள்ளி நின்று அளந்தால் சத்தம் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் ஒவ்வொரு பூங்காவும் தனக்கென்று நேரம் வைத்திருக்கிறது. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7, அவ்வளவுதான். யெல்லோஸ்டோனில் கொஞ்சம் தாராளம், அனுமதி உள்ள கேம்ப்கிரவுண்டுகளில் காலை 8 முதல் இரவு 8 வரை ஓட்டலாம். ஆனால் அதே யெல்லோஸ்டோனில் லூயிஸ் லேக் போன்ற சிறிய இடங்களில் ஜெனரேட்டரே கூடாது.

யோசெமிட்டியின் நேரத்தை இன்னொரு முறை படியுங்கள். மாலை 7 மணிக்கு மேல் காலை 7 வரை எதுவும் ஓடக் கூடாது. ஆயிரம் டாலருக்கு மேல் கொட்டி ஜெனரேட்டர் வாங்கினாலும், ராத்திரி முழுக்க உங்களுக்குக் கரண்ட் தரப்போவது ஏதாவது ஒரு பேட்டரிதான். பகலில் அந்தப் பேட்டரியை நிரப்பிக் கொடுக்கிற வேலை மட்டும்தான் அங்கே ஜெனரேட்டருக்கு. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மின் இணைப்பு உள்ள இடம் கிடைத்தால் இந்தக் கவலையே வேண்டாம். கிராண்ட் கேன்யனில் ட்ரெய்லர் வில்லேஜ், யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய இரண்டிலும் முழு ஹூக்கப், அதாவது கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும், உண்டு. ஜயான் பூங்காவின் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்புள்ள இடங்கள் இருக்கின்றன. யோசெமிட்டி பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் ஹூக்கப் கிடையாது. நீங்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும், அதுவும் ஹூக்கப் உள்ள இடமாகவே பார்த்துப் போகிறவர் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அந்தப் பணத்தைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாடகை ஆர்வி எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார்ஹோம்களில் (சொந்த இன்ஜின் உள்ள ஆர்விகளில்) பெரும்பாலும் 4000 வாட் அளவில் ஒரு ஜெனரேட்டர் வண்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அது வண்டியின் பெட்ரோல் டாங்கிலிருந்தே குடிக்கும். டாங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் அது தானாக நின்றுவிடும். நடுக்காட்டில் வண்டியே நின்றுபோகாமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். பல வாடகை நிறுவனங்கள் அது ஓடுகிற மணிக்கணக்குக்குத் தனியாகக் காசு வாங்கும். சத்தமும் அதிகம். ஒரு காபிக்காக அதை உறும விடுகிற பக்கத்து வண்டிக்காரரை யாரும் அன்பாகப் பார்ப்பதில்லை.

இரண்டாம் படி: ஒரு நாள் கணக்கு

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். காகிதம் எடுத்து உட்காருங்கள். ஒவ்வொரு சாதனமும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிப் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கில்-ஏ-வாட் மாதிரி, சுவர் பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே செருகி அளந்துவிடுங்கள். ரைஸ் குக்கரை அதில் மாட்டினால் அரிசி வேகிற வரை 500 வாட்டில் நிற்கும், ‘வார்ம்’ நிலைக்குத் தாவியதும் சில பத்து வாட்டுக்கு இறங்கிவிடும். மைக்ரோவேவ் வேடிக்கையானது. கதவில் 1000 வாட் என்று போட்டிருப்பது உணவுக்குப் போகிற சக்தி. பிளக்கிலிருந்து அது இழுப்பது 1500 வாட்டுக்கு அருகில்.

நான்கு பேர் உள்ள குடும்பம், செப்டம்பர் மாதம், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, ஏசி இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்கு போடுவோம். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 600 வாட்-அவர். விளக்குகளும் தண்ணீர் பம்பும் 100. கூரை மின்விசிறி 180. போன், லேப்டாப், டேப்லெட் எல்லாம் சேர்ந்து 250. ஒரு வேளைச் சோறு 250. காலைக் காபிக்கு வெந்நீர் கெட்டில் 170. 110 வோல்ட் மிக்சியில் ஒரு சட்னி 50. மிக்சி 750 வாட் என்றாலும் ஓடுவது நாலு நிமிஷம்தானே.

இதுவரை 1600. இதில் பலரும் எழுத மறப்பது ஃபர்னஸ், வண்டிக்குள் சூடேற்றும் ஹீட்டர். புரொபேன் கேஸில் எரிகிறது, அதற்கெதற்குக் கரண்ட் என்று தோன்றும். சூடான காற்றைத் தள்ளும் விசிறி 12 வோல்ட்டில் 8 ஆம்ப் இழுக்கும், அதாவது கிட்டத்தட்ட 100 வாட். கடல் மட்டத்திலிருந்து 7000 அடி உயரத்தில் குளிர்ந்த ராத்திரியில், விட்டு விட்டு ஓடினாலும் மொத்தம் நாலு மணி நேரம் ஓடிவிடும். அது 400 வாட்-அவர். விடியற்காலை நாலு மணிக்கு பேட்டரி செத்து, ஃபர்னஸ் நின்று, வண்டி முழுக்க விழித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

ஆக மொத்தம் 2000 வாட்-அவர். சோறும் காபியும் கேஸ் அடுப்புக்கு மாறினால் 1600க்கு வந்துவிடும். காசு செலவழிக்காமல் கிடைக்கிற மிச்சம் இது.

இருப்பதையும் எண்ணுங்கள். வண்டியில் ஏற்கெனவே ஒரு ஹவுஸ் பேட்டரி (உள்ளே இருக்கும் விளக்கு, பம்புக்கான 12 வோல்ட் பேட்டரி) இருக்கும். பழைய லெட்-ஆசிட் வகையில் 100 ஆம்ப்-அவர் என்று எழுதியிருந்தால் அதில் பாதியை மட்டும் எடுப்பதே நல்லது, அந்த 50ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால் கைக்கு வருவது 600 வாட்-அவர். அதே 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 1280, ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம்.

மூன்றாம் படி: ஏசி கேள்வி

ஆர்வி கூரையில் இருக்கும் 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது 1300 வாட் அளவுக்கு இழுக்கும், வெயில் ஏற ஏற இன்னும் கூடும். கம்ப்ரசர் கிளம்புகிற அந்தக் கண நேரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். 1000 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் ஒன்றில் இழப்பு போக 850 தான் கைக்கு வரும். அதில் ஏசி ஓடுவது 40 நிமிஷம். ராத்திரி ஆறு மணி நேரம் குளிர வேண்டுமென்றால், கம்ப்ரசர் அவ்வப்போது ஓய்வெடுப்பதைக் கழித்தாலும் 5000 வாட்-அவருக்கு மேல் வேண்டும்.

அதனால் ஏசிக்கு மூன்று வழிதான். ஹூக்கப் உள்ள இடத்தைப் பதிவு செய்வது ஒன்று. ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி உள்ள நேரத்தில் மட்டும் ஏசி போடுவது இன்னொன்று. மூன்றாவது, ஏசி தேவைப்படாத உயரத்துக்குப் போவது. எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான். ஜூலையில் டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில், கடல் மட்டத்துக்கும் கீழே படுத்துக்கொண்டு பேட்டரியில் ஏசி ஓட்டப் பார்ப்பதை விட, அதே ஜூலையில் 7700 அடி உயரத்து யெல்லோஸ்டோன் ஏரிக்கரையில் போர்வை தேடலாம்.

ஏசி வேண்டும் என்றே முடிவு செய்தால், ஜெனரேட்டர் வாங்கும் முன் ஏசிக்குள் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடுங்கள். கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் சின்னப் பெட்டி அது. தொடக்க இழுவையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். அது இருந்தால் 2200 வாட் வகை இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் (சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை, விவரம் அடுத்த படியில்) ஒன்றே 13,500 பிடியு ஏசியைக் கிளப்பிவிடும். இல்லாவிட்டால் 3000 வாட்டுக்கு மேலே போக வேண்டும், அல்லது இரண்டு ஜெனரேட்டர்களைப் பேரலல் கேபிளில் சேர்க்க வேண்டும்.

உயரமும் கணக்கில் வரும். ஒவ்வொரு 1000 அடிக்கும் பெட்ரோல் இன்ஜின் சுமார் 3.5 சதவீத சக்தியை இழக்கும். தொடர்ந்து 1800 வாட் தரக்கூடிய ஜெனரேட்டர், யெல்லோஸ்டோன் உயரத்தில் 1300க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 5000 அடிக்கு மேல் அடிக்கடி போகிறவர்கள் கார்புரேட்டரில் உயரத்துக்கான ஜெட் (பெட்ரோல் வருகிற சின்னத் துளை) மாற்றிக்கொள்வது நல்லது. பேட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான்காம் படி: டெசிபல் எண்ணைப் படிக்கும் விதம்

விளம்பரத்தில் ‘48 டெசிபல்’ என்று இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள்: எத்தனை சுமையில், எவ்வளவு தூரத்தில். வழக்கமாக 7 மீட்டர், அதாவது 23 அடியில் அளப்பார்கள். ஹோண்டாவின் ‘இயூ2200ஐ’ என்கிற இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கால் சுமையில் 48, முழுச் சுமையில் 57. விளம்பரத்தில் பெரிதாக வருவது முதல் எண், ஏசி ஓடும்போது காதில் விழுவது இரண்டாவது. 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தெரியும், எனவே அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை.

திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். 23 அடியில் 57 என்றால் 50 அடியில் 50 அளவுக்கு வந்துவிடும். பூங்கா விதிக்குள் நிம்மதியாக அடங்கும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் பார்க்கிற, இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் இன்ஜின் வெளியே தெரிகிற வகை 23 அடியில் 70ஐத் தாண்டும், 50 அடியிலும் 60க்கு மேலேயே நிற்கும். அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கேம்பிங்குக்கு வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? சாதாரண ஜெனரேட்டர் 60 ஹெர்ட்ஸ் கரண்ட் தருவதற்காக, ஒரு போனை மட்டும் சார்ஜ் செய்தாலும் நிமிஷத்துக்கு 3600 சுற்று சுற்றியே ஆக வேண்டும். இன்வெர்ட்டர் வகை, தயாரித்த கரண்டை டிசியாக (ஒரே திசையில் ஓடும் கரண்டாக) மாற்றி, மறுபடி சுத்தமான 60 ஹெர்ட்ஸ் கரண்டாகத் தருகிறது. அதனால் சுமை குறைந்தால் இன்ஜினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஈகோ பொத்தானைப் போட்டுவிட்டு அருகில் நின்று கேளுங்கள். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது ஒரு முனகல், அது நின்றதும் மறுபடி தாழ்ந்த சீரான ஒலி.

இரண்டு சின்ன ஜெனரேட்டர்களைச் சேர்த்தால் சத்தம் இரட்டிப்பாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், கூடுவது 3 டெசிபல்தான். பவர் ஸ்டேஷன் என்றால் சத்தமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். வேகமாக சார்ஜ் ஆகும்போதும் பெரிய சுமையிலும் அதன் விசிறிகள் நன்றாகவே கேட்கும். படுக்கைக்குக் கீழே வைத்தால் தூக்கம் போகும், காற்றோட்டமும் கிடைக்காது.

ஐந்தாம் படி: எதை வாங்குவது

ஏசி வேண்டாம், வார இறுதி மட்டும், கேஸ் அடுப்பும் உண்டு: 1000 வாட்-அவர் வகை பவர் ஸ்டேஷன் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஈகோஃப்ளோ டெல்டா 2 (1024 வாட்-அவர், 1800 வாட், 27 பவுண்டு), ஜாக்கரி எக்ஸ்ப்ளோரர் 1000 வி2 (1070 வாட்-அவர், 1500 வாட், 24 பவுண்டுக்குள்) இரண்டுமே இந்த ரகம். தள்ளுபடி நாட்களில் 500 டாலர் அளவுக்கு இறங்குவதைப் பார்க்கலாம், முழு விலை கொடுக்காதீர்கள். பேட்டரி வகை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 3000 முறைக்குக் குறையாமல் சார்ஜ் தாங்கும். வண்டியின் லெட்-ஆசிட் பேட்டரியைத் தூக்கிவிட்டு 100 ஆம்ப்-அவர் லித்தியம் போட்டுவிட்டால், மேலே போட்ட ஒரு நாள் 2000 கணக்கு முழுதாக அடங்கிவிடும். கன்வெர்ட்டர் (வெளிக் கரண்டை 12 வோல்ட்டாக்கி வண்டியின் பேட்டரியை நிரப்பும் கருவி) லித்தியத்துக்கு ஏற்றதுதானா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

நாலைந்து நாள், ஏசி இல்லாமல், ஹூக்கப்பும் இல்லாமல்: அதே பவர் ஸ்டேஷன், கூடவே சோலார். அல்லது பவர் ஸ்டேஷனும் சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டரும். யோசெமிட்டி மாதிரி இடங்களில் இந்த இரண்டாவது ஜோடிதான் என் தேர்வு. டெல்டா 2 போன்றவை பிளக்கில் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும், பகல் 12 முதல் 2 வரையிலான அனுமதி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரியை வண்டியின் கன்வெர்ட்டர் வழியாக நிரப்பப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் பாதிக் கிணறுகூடத் தாண்டாது. கடைசி 20 சதவீதத்துக்கு அது சொட்டு சொட்டாகத்தான் வாங்கும். பவர் ஸ்டேஷனின் செயலியில் சார்ஜ் வேகத்தை ஜெனரேட்டர் தாங்குகிற அளவுக்குக் குறைத்து வைக்க முடியும், அதைச் செய்துவிட்டு மாட்டுங்கள்.

பகலில் ஏசி வேண்டும்: சாஃப்ட் ஸ்டார்ட்டரும் 2200 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரும். ஹோண்டாவின் ‘இயூ2200ஐ’ 47 பவுண்டு, ஒரு கேலனுக்குச் சற்றுக் குறைவான டாங்க். கால் சுமையில் 8 மணி நேரம் ஓடும், முழுச் சுமையில் 3 மணி நேரம்தான். ஒரே ஆளாகத் தூக்க முடிகிற எடை இது. 3000 வாட் வகைகளைச் சக்கரத்தில்தான் உருட்ட வேண்டும்.

ராத்திரியும் ஏசி, சத்தமும் கூடாது: ஈகோஃப்ளோ டெல்டா புரோ மாதிரி 3600 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் பெட்டிகள் இருக்கின்றன. 30 ஆம்ப் ஆர்வி பிளக்கும் அதிலேயே உண்டு. எடை 99 பவுண்டு. ஏசி இடைவிடாமல் ஓடினால் இரண்டேகால் மணி நேரம் வரும். இந்த வழிக்குச் செலவழிக்கிற பணத்தில் பல வருடங்களுக்கு ஹூக்கப் வாடகை கட்டிவிடலாம் என்பது என் எண்ணம்.

ஆறாம் படி: சோலாரிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது

200 வாட் பேனல் 200 வாட் தராது. நல்ல கோடை நாளில் ஐந்து மணி நேர வெயில், அதில் 70 சதவீதம் என்று வைத்தால் 700 வாட்-அவர். அரிசோனாவின் திறந்த பாலைவனத்தில் இது நடக்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பைன் மரங்களுக்குக் கீழே நடக்காது, ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பேனல் படுத்துவிடும். மரத்தடிக் கேம்ப்கிரவுண்டுகளுக்குப் போகிறவர்கள் கூரையில் நிரந்தரமாகப் பதிப்பதை விட, மடக்கி எடுத்து வெயில் விழும் மூலைக்கு நகர்த்தக்கூடிய பேனல் வாங்குவது புத்திசாலித்தனம். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் சுழற்றிக் கரண்ட் எடுக்கும் பாகம்) சார்ஜ் செய்யும் கருவிகளும் உண்டு. சிகரெட் லைட்டர் சாக்கெட் 100 வாட் அளவுதான் தரும். தனி வயர் இழுத்துப் பொருத்துகிறவை 800 வாட் வரை போகின்றன. தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு இது சோலாரை விட லாபம்.

ஏழாம் படி: வண்டியோடு இணைப்பது

வெளிக் கரண்ட் செருகுகிற இடத்தில் பவர் ஸ்டேஷனை அடாப்டர் வழியாக மாட்டிவிட்டால் உள்ளே எல்லா பிளக்கும் உயிர் பெறும். ஆனால் மாட்டுவதற்கு முன் பிரேக்கர் பெட்டியைத் திறந்து கன்வெர்ட்டர் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பவர் ஸ்டேஷன் வண்டியின் பேட்டரியை சார்ஜ் செய்யக் கிளம்பிவிடும். ஒரு பேட்டரியைக் காலி செய்து இன்னொன்றை நிரப்புவதில் மிஞ்சுவது வெப்பம்தான். அப்புறம், கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற ஃபிரிட்ஜ் ‘ஆட்டோ’வில் இருந்தால் கரண்டைப் பார்த்ததும் அதற்குத் தாவிவிடும், கேஸ் நிலையில் நிறுத்தி வையுங்கள். வாட்டர் ஹீட்டரின் மின்சாரச் சுவிட்சையும் பாருங்கள், 1400 வாட் குடிக்கும். தூங்கப் போகும்போது பவர் ஸ்டேஷனின் 120 வோல்ட் பொத்தானையும் அணைக்கலாம். எதுவும் மாட்டாமலே அது ராத்திரி முழுக்க 100 வாட்-அவருக்கு மேல் விழுங்கும்.

ஜெனரேட்டரை மாட்டும்போது வேறொரு குழப்பம் வரும். வண்டியில் ஈஎம்எஸ் என்கிற பாதுகாப்புப் பெட்டி இருந்தால், எர்த் இல்லை என்று சொல்லி கரண்டையே உள்ளே விடாது. ஜெனரேட்டர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பல இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைக்கப்பட்டிருக்காது. அந்த இரண்டையும் இணைப்பதற்கென்று விற்கும் பாண்டிங் பிளக்கை ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் செருகினால் சரியாகிவிடும். கேம்ப்கிரவுண்டின் கரண்ட் கம்பத்திலோ வீட்டு பிளக்கிலோ அதைச் செருகக் கூடாது.

எட்டாம் படி: புகை

சத்தம் குறைந்த ஜெனரேட்டரும் கார்பன் மோனாக்சைடு (சிஓ) என்கிற விஷ வாயுவை வெளியிடத்தான் செய்யும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் உங்களையும் பக்கத்து ஜன்னலையும் பார்க்காதபடி வையுங்கள். சத்தத்தைக் குறைக்க மரப்பெட்டிக்குள் மூடுவது, வண்டிக்கு அடியில் தள்ளுவது, மழைக்காக ஆனிங் (வண்டியின் பக்கவாட்டுத் துணிப் பந்தல்) கீழே கொண்டுவருவது எதுவும் வேண்டாம். கீழே தடித்த ரப்பர் பாய் போட்டால் அதிர்வு குறையும், அதுவே போதும். வண்டிக்குள் இருக்கும் சிஓ அலாரத்துக்கு ஆயுள் உண்டு. பின்பக்கத்தில் தேதி இருக்கும், பாருங்கள். வாங்கும்போதே சிஓ கூடினால் தானாக அணையும் வசதியுள்ள ஜெனரேட்டராக எடுங்கள்.

கடைசிப் படி: வீட்டு வாசலில் ஒரு ராத்திரி

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வண்டியை டிரைவ்வேயில் நிறுத்தி, வெளிக் கரண்டைப் பிடுங்கிவிட்டு ஒரு ராத்திரி அதிலேயே படுங்கள். ஃபர்னஸ் போடுங்கள், சோறு வையுங்கள், பிள்ளைகள் டேப்லெட் பார்க்கட்டும். காலையில் பவர் ஸ்டேஷன் திரையில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பாருங்கள். 40க்கு மேல் இருந்தால் வாங்கியது போதும். 10க்குக் கீழே என்றால் இன்னொரு பெட்டி வாங்க ஓடுவதற்கு முன் ஃபர்னஸை இரண்டு டிகிரி குறைத்து, கெட்டிலை அடுப்புக்கு மாற்றி மறுநாள் ராத்திரி இன்னொரு தடவை பாருங்கள்.

சீசன் முடிந்ததும் பவர் ஸ்டேஷனைப் பாதிக்குச் சற்று மேலே சார்ஜில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. கோடையில் மூடிய ஆர்வியின் சூடும் அதற்கு ஆகாது. ஜெனரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் குளிர்காலம் முழுக்க உள்ளே கிடந்தால் கோந்தாக மாறி ஜெட்டை அடைத்துவிடும், ஏப்ரலில் கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் கிளம்பாது.